ஏ பிளாக், பி பிளாக், பொது

உலக நாகரிகங்கள் எல்லாம் தண்ணீர் இருக்கும் இடத்தைத் தேடிப் போய்த்தான் தோன்றின. தண்ணீர் இல்லாத இடத்தில் ஒரு கடலையே தோற்றுவித்த நாகரிகம் ஒன்றே ஒன்றுதான். அது திருமுல்லைவாயில் ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் ஏழு நிமிடத் தொலைவில், 'மரகத முல்லை அடுக்ககம்' என்ற பெயரில், இரண்டு பிளாக்கும் முப்பத்தாறு வீடும் ஒரு லிஃப்டுமாக (பழுது) நின்றுகொண்டிருக்கிறது. அதன் குடியிருப்போர் நலச் சங்கத்தில் ஐந்து ஆண்டுகள் கௌரவச் செயலாளராகத் தொண்டாற்றிய சம்பந்தம் என்கிற நான், வருங்காலச் சந்ததியினரின் நன்மைக்காக இந்த வரலாற்றைப் பதிவு செய்கிறேன்.

கடலின் அளவு: நீளம் ஐந்தடி, அகலம் இரண்டடி, உயரம் இரண்டடி. இருப்பிடம்: தரைத்தள வரவேற்புக் கூடம், தபால் பெட்டிகளுக்கு எதிரில். மக்கள்தொகை: மீன் மூன்று, பவளம் பதினொன்று, இறால் ஒன்று (தலைமறைவு).

கடல் வருவதற்கு முன்பே எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. அதுதான் எங்கள் மழைநீர் சேகரிப்புக் குழி. அதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் முதலில் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை இன்னும் வந்து சேரவில்லை. முப்பத்தாறு வீட்டுக் கழிவும் செப்டிக் டேங்கில் போய் நிற்கும். மாதம் மூன்று முறை லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். அந்த லாரிக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. யார் வீட்டுக்காவது பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் சரியாக அதே நேரத்துக்கு அதுவும் வந்துவிடும். என் மகள் ஸ்வாதியைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் தாயார், இடது கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வலது கையால் கேசரி சாப்பிட்ட காட்சி என் கண்ணை விட்டு அகலவே இல்லை. சம்பந்தமும் அகன்றுவிட்டது, அதாவது, அந்த வரன்.

அன்றே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். செயலாளர் என்ற முறையில், எனக்குள்ள அதிகாரத்துக்கு உட்பட்டு, ஒரு 'சிறு தொழில்நுட்ப மேம்பாட்டை' மேற்கொண்டேன். அதன் விவரங்களைத் தன்னடக்கம் கருதி இப்போது தவிர்க்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து லாரி வருவது அடியோடு நின்றுவிட்டது. அதே மாதத்தில், அதுவரை வறண்டு கிடந்த எங்கள் மழைநீர்க் குழி திடீரென்று நிரம்பத் தொடங்கியது. கத்திரி வெயிலிலும் தளும்பியது. அதை ஒட்டியுள்ள போர்வெல்லிலும் நீர்மட்டம் உயர்ந்தது. இந்த இரண்டு சாதனைகளும் ஒரே மாதத்தில் நிகழ்ந்ததை என் ஜாதக விசேஷம் என்றே எடுத்துக்கொண்டேன்.

'பசுமைத் துளி பேரவை' என்ற அமைப்பினர் வந்து பார்த்துவிட்டு அசந்துபோனார்கள். "மழையே இல்லாம மழைநீர் சேகரிச்ச ஒரே அபார்ட்மென்ட் உங்களோடதுதான் சார்" என்றார் அதன் அமைப்பாளர். சால்வை போட்டார். சான்றிதழ் தந்தார். அதற்குச் சட்டம் போட்டு வரவேற்புக் கூடத்தில் மாட்டினோம்.

அந்தச் சான்றிதழுக்குக் கீழே இருந்த சுவர் வெறுமையாக இருந்தது. அங்கேதான் கடல் வந்தது.

காரணம், சென்னீர்குப்பம். அங்கே ஒரு குடியிருப்பில் நீச்சல் குளம் கட்டியிருக்கிறார்கள் என்ற செய்தியை எங்கள் தலைவர் ஜெகதீஷ் கொண்டுவந்தார். ஜெகதீஷ் கணினி நிறுவனம் ஒன்றில் பெரிய பொறுப்பில் இருப்பவர். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதால் வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கவனிக்க அவருக்கு நேரம் உண்டு.

"நமக்கு நீச்சல் குளம் கட்ட இடம் இல்ல. ஒத்துக்கறேன்" என்றார் பொதுக்குழுவில். "அப்படியே கட்டினாலும் நம்ம ஆளுங்க யாருக்கும் நீச்சல் தெரியாது. அதனால, நீச்சல் தெரிஞ்சவங்களுக்காக ஒண்ணு கட்டுவோம். ரீஃப் டேங்க். உயிருள்ள பவளப்பாறை. ஒரிஜினல் கடல் மீன்."

தரைத்தளத்துக் கோமளா எழுந்தார். தபால் துறையில் இருப்பவர். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"கடல் பாக்கணும்னா எண்ணூருக்குப் போனா பாக்கலாமே?"

"மேடம், அது நேச்சுரல். இது கன்ட்ரோல்டு."

"பாறைக்கு உயிர் இருக்குன்னீங்களே, நெஜமாவா?"

"நெஜமா, மேடம். மூச்சு விடும், சாப்பிடும், வளரும்."

"அப்போ முதல்ல நம்ம லிஃப்டுக்கு உயிர் வரட்டும்."

தீர்மானம் நிறைவேறியது. லிஃப்டு பற்றிய கருத்து 'பொருளுக்கு அப்பாற்பட்டது' என்று குறிப்பில் ஏற்றப்பட்டது.

ஆவடி மார்க்கெட் அருகே மீன் கடை வைத்திருக்கும் வெற்றிச்செல்வன் கடல் அமைக்க வந்தார். சாப்பிடும் மீன் கடை அல்ல, பார்க்கும் மீன் கடை. தண்ணீரைப் பற்றி அவர் நடத்திய முதல் பாடத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"சார், மொதல்ல தண்ணி ஜீரோ ஆவணும்."

"தண்ணீர் ஜீரோ ஆகிவிட்டால் மீன் எங்கே இருக்கும்?"

"அய்ய, தண்ணி இல்ல சார். தண்ணில கலந்துகீற உப்பு, அயுக்கு அல்லாம் ஜீரோ ஆவணும். அதுக்கு ஆர்.ஓ. மெஷின் மாட்டுவேன். சுத்தமா எடுத்துட்டு, அப்பால நாம உப்பு போடுவோம்."

"இருக்கிற உப்பை எடுத்துவிட்டு, மறுபடி உப்புப் போடுவதா?"

"ஆமா சார். இது ஃபாரின் உப்பு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நான் வேலை பார்க்கும் அலுவலகத்திலும் விஷயம் தெரிந்தவர்களை முதலில் வெளியே அனுப்பிவிட்டு, பிறகு அதே விஷயத்துக்கு வெளியிலிருந்து ஆலோசகரைக் கொண்டுவருவார்கள். அறிவியல் எங்கும் ஒன்றுதான்.

ஒரு நல்ல நாள் பார்த்து மீன்களுக்குக் கிரகப்பிரவேசம் வைத்தோம். இரண்டு பிளாக்குக்கும் பொதுவான முகூர்த்தம் கிடைக்கவே மூன்று கூட்டம் ஆயிற்று. பால் காய்ச்சினோம். புது வீட்டுக்குக் கல் உப்பும் மஞ்சளும் கொண்டுபோவதுதானே நம் வழக்கம்? முப்பத்தாறு வீட்டுப் பெண்களும் ஆளுக்கொரு தட்டில் உப்பும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். உப்புத் தண்ணீர் மீன்தானே, நாமும் ஒரு பிடி போட்டால் மீனுக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வரிசை தொட்டியை நோக்கி நகர்ந்தது.

வெற்றிச்செல்வன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு தொட்டிக்குக் குறுக்கே நின்றார்.

"யக்கா! யக்கோவ்! மஞ்ச போடாதீங்கக்கா! அது மீனு, கொயம்பு வெக்கப் போறதில்ல!"

உப்பும் மஞ்சளும் பக்கெட்டில் சேகரிக்கப்பட்டு, துப்புரவுப் பணியாளர் வேம்புலியம்மாளிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் சமையலுக்கு அது ஓராண்டு வந்ததாகக் கேள்வி. சங்கம் அவருக்குச் செய்த நன்மைகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பெயர் சூட்டுதல். ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன்கள் இரண்டு. நீல மீன் ஒன்று. சாமி பெயர் வைத்தால் எந்தச் சாமி என்ற பிரச்சினை. தலைவர்கள் பெயர் வைத்தால் எந்தத் தலைவர் என்ற பிரச்சினை. கடைசியில் கோமாளி மீன்களுக்கு 'ஏ பிளாக்', 'பி பிளாக்' என்றும், நீல மீனுக்குப் 'பொது' என்றும் வைத்தோம். யாருக்கும் மனக்குறை இல்லை. 'பொது' மட்டும் எல்லா மீனையும் துரத்தியது. பொதுவாக இருப்பவர்களுக்கு அந்தச் சுபாவம் வரும்.

அதன் பிறகு மரகத முல்லையில் ஒரு புது ஒழுங்கு பிறந்தது. கடலின் வெப்பநிலை காலை ஒரு முறை, மாலை ஒரு முறை அளக்கப்பட்டது. உப்பு அளக்கப்பட்டது. விளக்கு எட்டு மணி நேரம் எரிந்தது. தொட்டிக்கு ஜெனரேட்டர் இணைப்புத் தரப்பட்டது. ஒரு பெரிய பதிவேட்டில் தேதி வாரியாக, 'ஏ பிளாக்: சாப்பிட்டது. பி பிளாக்: சாப்பிட்டது, உற்சாகம். பொது: மிரட்டல். இறால்: தகவல் இல்லை' என்று குறித்து நானே கையெழுத்திட்டேன். என் மனைவி ஒரு நாள், "நான் சாப்பிட்டேனான்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?" என்றாள். அதற்குப் பதிவேடு இல்லை என்று விளக்கினேன்.

ஆர்.ஓ. இயந்திரம் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஆறு மாதம் தாங்க வேண்டிய வடிகட்டி மூன்று வாரத்தில் நிறம் மாறிவிட்டது. வெற்றிச்செல்வன் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது, ஃபில்டரு டீ டிகாஷன் கணக்கா கீது?"

"இரும்புச் சத்து" என்றேன்.

"இரும்புக்கு இந்த வாடை வராதே சார்."

"எங்கள் ஊர் இரும்பு" என்றேன். அவர் புது வடிகட்டி மாட்டிவிட்டுப் போனார்.

இந்தப் பொற்காலத்தில் ஒரே ஒரு கரும்புள்ளி இருந்ததென்றால், அது மேற்படி வேம்புலியம்மாள்தான். அவரும் காவலாளியான அவர் கணவர் தேவராஜும் மோட்டார் அறையை ஒட்டிய சிறு அறையில் குடியிருந்தார்கள். வேலை இருக்கும்வரை அறை என்பது ஏற்பாடு. வீடுகளில் எல்லோரும் குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குவார்கள். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. வேம்புலியம்மாள் வீட்டில் மட்டும் குடிப்பது, சமைப்பது எல்லாம் அந்தப் போர் குழாயில்தான்.

ஒரு நாள் காலையில் நான் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

"சார், தண்ணி நாறுது சார்."

"அது மண் வாசனை அம்மா."

"மண்ணு இப்டியா சார் நாறும்? எனக்கு வயித்தால போயி இன்னியோட நாலு நாளாவுது. ஒடம்பெல்லாம் அரிப்பு வேற."

"எழுத்துபூர்வமாகக் கொடுங்கள். பரிசீலிப்போம்."

"எயுதத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு சார் இங்க தொடப்பம் புடிக்கிறேன்?"

கோமளா அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். புகார் முறைப்படி எண்ணிடப்பட்டது. மூவர் கொண்ட துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழு இரண்டு மாதம் ஆழ்ந்து யோசித்து, 'வாசனை என்பது அவரவர் மூக்கைப் பொறுத்தது; அறிவியல் ஆதாரம் தேவை' என்று அறிக்கை தந்தது. அடுத்த கூட்டத்துக்குக் கோமளா ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஆதாரம் கேட்டீங்களே, இந்தாங்க. மோந்து பாருங்க."

கூட்டக் குறிப்புடன் திரவங்களை இணைக்கச் சங்க விதிகளில் இடமில்லை என்று தீர்ப்பளித்தேன். பாட்டில் வெளியேற்றப்பட்டது.

"எனக்கும் ரெண்டு மாசமா தலைமுடி கொத்துக் கொத்தா கொட்டுது" என்றார் கோமளா, விடாமல்.

"எனக்கு இருபது வருஷமாகவே கொட்டுகிறது" என்று என் வழுக்கையைக் காட்டினேன். அவை சிரித்தது. விவாதம் முடிந்தது.

ஆனால் வேம்புலியம்மாளின் வயிறு விதிகளுக்குக் கட்டுப்படவில்லை. மாதத்தில் பத்து நாள் படுத்துவிடுவார். மாடிப்படிகளில் தூசு சேர்ந்தது. கடலின் கண்ணாடியில் கைரேகை படிந்தது. தலைவர் ஜெகதீஷே ஒரு நாள் வேதனையுடன் என்னிடம் சொன்னார்: "சார், 'பொது'வோட முகமே சரியா தெரிய மாட்டேங்குது."

கனத்த மனத்துடன் ஒரு கடிதம் தயாரித்தேன். கடிதம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. அதை இங்கே முழுமையாகத் தருகிறேன்.

'பல மாதங்களாகத் தாங்கள் தங்கள் பொறுப்பில் காட்டிவரும் அலட்சியத்தால் நம் வளாகத்தின் சுகாதாரம் சீர்குலைந்துள்ளது. இது குறித்துப் பலமுறை நேரில் எடுத்துச் சொல்லியும் தாங்கள் செவிசாய்க்கவில்லை. வளாகத்தில் வாழும் உயிர்களின் நலனில் அக்கறை இல்லாத ஒருவர் இப்பொறுப்பில் நீடிப்பது தகாது. எனவே வரும் ஒன்றாம் தேதி முதல் தாங்கள் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.'

மேலே 'பெறுநர்: திருமதி வேம்புலியம்மாள்' என்று போட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் ஒப்புதலுக்கு வைத்தேன். செய்தி எப்படியோ தேவராஜுக்குப் போய்விட்டது. சனிக்கிழமை காலையில் கேட்டருகே என்னை நிறுத்தினார்.

"சார், வேலைய வுட்டு எடுத்தா ரூமும் போயிடும் சார். ஒடம்பு முடியாதவள இட்டுகினு நான் எங்க சார் போவேன்?"

"சங்கத்தின் முடிவு, தேவராஜ். என் கையில் எதுவும் இல்லை" என்றேன். கையில் கடிதம் இருந்தது.

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து அலறல் கேட்டது.

ஜெகதீஷ் தொட்டிக்கு முன் மண்டியிட்டிருந்தார். கடலில் 'ஏ பிளாக்' தண்ணீரின் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. 'பி பிளாக்' ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் கிடந்தது. யாரையும் துரத்தாமல் 'பொது' ஒரு மூலையில் நின்றது. பவளங்கள் சுருங்கிப் போயிருந்தன.

வாட்ஸ்அப் குழுவில், 'ஏ பிளாக் மூச்சுத் திணறுகிறது, பி பிளாக் சாய்ந்துவிட்டது' என்று ஜெகதீஷ் செய்தி போட்டார். ஐந்து நிமிடத்தில் மரகத முல்லை முழுவதும் கீழே நின்றது. ஓசூருக்கு அலுவல் விஷயமாகப் போயிருந்த ஒருவர், மனைவிக்கு ஃபோன் செய்து நகையையும் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு உடனே ரோட்டுக்கு ஓடும்படி சொல்லியிருக்கிறார்.

"யாராச்சும் ஏதாச்சும் ஊத்திட்டாங்களா?" என்றார் ஜெகதீஷ். எல்லோர் பார்வையும் துடைப்பத்துடன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற வேம்புலியம்மாள் மேல் திரும்பியது.

"ஃபினாயில் துணியால கண்ணாடிய தொடச்சீங்களா?"

"நான் கண்ணாடிய தொட்டே எட்டு நாளாச்சு சார். எயுந்து நின்னாத்தானே தொடைக்கிறதுக்கு?"

"பாருங்கள், இதுதான் அலட்சியம்" என்றேன். கடிதத்தில் ஒரு வரி சேர்க்கலாமா என்று யோசித்தேன்.

அரை மணி நேரத்தில் ஆவடியிலிருந்து வெற்றிச்செல்வன் பைக்கில் பறந்து வந்தார். பெட்டியைத் திறந்து சிறு கண்ணாடிக் குழாய்களை வரிசையாக வைத்தார். தொட்டித் தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து, ஏதோ சொட்டு மருந்து விட்டுக் குலுக்கினார்.

"மஞ்சளா இருந்தா நல்ல தண்ணி. பச்சை ஆவ ஆவ, அமோனியா கீதுன்னு அர்த்தம். அதான் மீனுக்கு எமன்."

குழாய் இளம்பச்சை ஆயிற்று.

"இது தொட்டில வந்ததில்ல" என்று முனகியபடி, ஆர்.ஓ. தண்ணீர் நிற்கும் டிரம்மிலிருந்து இரண்டாவது குழாயை நிரப்பினார். அது இன்னும் பச்சை. பிறகு மோட்டார் அறைக் குழாயைத் திறந்து, வேம்புலியம்மாள் குடிக்கும் தண்ணீரை மூன்றாவது குழாயில் பிடித்தார். சொட்டு விழுந்ததும் அது முருங்கைக்கீரை அரைத்த நிறத்துக்குப் போய்விட்டது.

வெற்றிச்செல்வன் அந்தக் குழாயைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"அண்ணாத்தே, இந்த பில்டிங்ல எத்தினி பேரு கீறீங்க?"

"தொண்ணூத்தி ரெண்டு பேர்" என்றார் ஜெகதீஷ்.

"அத்தினி பேரும் இந்த டியூப்ல கீறீங்க."

அன்று காலை அந்தத் தண்ணீரில் பல் தேய்த்துவிட்டு வந்திருந்த ஜெகதீஷ், உதட்டைக் கைக்குட்டையால் மெதுவாகத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ துப்பிய சத்தம் கேட்டது.

"போரு எங்க கீது?" என்றார் வெற்றிச்செல்வன். மழைநீர்க் குழிக்குப் பக்கத்தில் என்று காட்டினார்கள். "குழிய தொறங்க."

தேவராஜ் சிமென்ட் மூடியை நெம்பித் தூக்கினார். தொண்ணூறு பேரும் ஓரடி பின்வாங்கினோம். பசுமைத் துளி பேரவை மூடியிலிருந்த துளை வழியாகத் தண்ணீர் மட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, மேலே நின்றபடியே சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போனது. மூடியை யாரும் அதுவரை திறந்ததில்லை. உள்ளே, மொட்டை மாடியிலிருந்து வரும் மழைநீர்க் குழாய் சருகாகக் காய்ந்து கிடந்தது. அதற்கு எதிர்ப்பக்கம், செப்டிக் டேங்க் இருக்கும் திசையிலிருந்து, இன்னொரு குழாய் வந்து நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தது.

"இந்த பைப்பு யார் போட்டது?" என்று கேட்டார் கோமளா.

தேவராஜ் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மழை வருவதற்கான அறிகுறி எதுவும் இல்லை.

"சார்தான் போடச் சொன்னாரு" என்றார் தேவராஜ். "பொங்கல் லீவுல அல்லாரும் ஊருக்குப் போயிருந்தப்போ. டேங்கு நெரம்பினா வயிஞ்சி குழிக்குப் போவட்டும், லாரி வர வேணாம்னு சொன்னாரு. நான்தான் பள்ளம் தோண்டனேன். இது இங்க வரக்கூடாதே சார்னும் கேட்டேன். மண்ணு வடிகட்டிடும்னு சொன்னாரு."

'சிறு தொழில்நுட்ப மேம்பாடு' என்று நான் முன்பு குறிப்பிட்டது இதைத்தான். தன்னடக்கம் இனி செல்லாது என்பதால் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் ஞாயிறு, காலை பத்து மணிக்கு அவசரப் பொதுக்குழு. சங்க வரலாற்றில் முதல்முறையாக முப்பத்தாறு வீடும் ஆஜர். நெருக்கடி காலத்தில் மரகத முல்லை எத்தனை வேகமாகச் செயல்படும் என்பதற்கு அன்றைய குறிப்பே சாட்சி. முதல் தீர்மானம்: மீன்களுக்கு உடனடியாகக் கேன் தண்ணீர், நாளொன்றுக்கு ஐந்து கேன். இரண்டு நிமிடத்தில் நிறைவேறியது. இரண்டாவது: மீன்கள் தேறும்வரை வெற்றிச்செல்வன் தினமும் வந்து பார்ப்பது. ஒரு நிமிடம். மூன்றாவது: பல மாதங்களாகக் கண்ணில் படாத இறாலுக்கு இரங்கல். எழுந்து நின்றோம். நின்றுகொண்டிருக்கும்போதே அது பாறைக்குப் பின்னாலிருந்து மீசையை ஆட்டியபடி வெளியே வந்தது. உட்கார்ந்தோம்.

நான்காவது பொருள், வேம்புலியம்மாளை நீக்கும் கடிதம். தயாரித்த நிகழ்ச்சி நிரலை மாற்றும் வழக்கம் எனக்கு இல்லை.

அவரையும் வரச் சொல்லியிருந்தோம். வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், ஒரு கையை ஊன்றி எழுந்தார்.

"எனக்கு ஒண்ணு கேக்கணும் சார்."

"கேளுங்க" என்றார் ஜெகதீஷ். அவர் குரல் இறங்கியிருந்தது.

"ஒரு வருசமா சொல்லிகினு கீறேன். தண்ணி நாறுது, வயிறு வலிக்குதுன்னு. எயுதிக் குடுன்னீங்க, குடுத்தேன். பாட்டில்ல கொண்டாந்தாங்க, வெளிய எட்த்துகினு போன்னீங்க. அந்த மீனு எயுதியா குடுத்துது? வாய தொறந்து தொறந்து மூடுச்சு, அவ்ளோதான். நீங்க தொண்ணூறு பேரும் ஓடியாந்தீங்க. நானும் வாயத்தானே சார் தொறந்தேன்?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சபை நடவடிக்கை என்று ஒன்று இருக்கிறதே.

"அதெல்லாம் பொருளுக்கு அப்பாற்பட்டது அம்மா. கடிதத்துக்கு வருவோம்."

"அந்த லெட்டர்ல இன்னா சார் எயுதிகீது? எனக்குப் படிக்கத் தெரியாது. படிச்சிக் காட்டுங்க."

படித்தேன். நல்ல தமிழை உரக்கப் படிப்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். "'பல மாதங்களாகத் தாங்கள் தங்கள் பொறுப்பில் காட்டிவரும் அலட்சியத்தால் நம் வளாகத்தின் சுகாதாரம் சீர்குலைந்துள்ளது...'"

யாரோ ஒருவர் இருமினார்.

"'இது குறித்துப் பலமுறை நேரில் எடுத்துச் சொல்லியும் தாங்கள் செவிசாய்க்கவில்லை...'"

எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் நடையில் லயித்துவிட்டார்கள் என்று நினைத்துக் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். "'வளாகத்தில் வாழும் உயிர்களின் நலனில் அக்கறை இல்லாத ஒருவர் இப்பொறுப்பில் நீடிப்பது தகாது...'" இந்த இடத்துக்கு வந்தபோது எனக்கே அந்த வாசகம் எங்கேயோ இடித்தது. கடைசி வரியைக் கொஞ்சம் மெதுவாகத்தான் படித்தேன்.

வேம்புலியம்மாள் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் சார் எயுதிகீறீங்க. ஒரு வார்த்தைகூட தப்பில்ல."

கோமளா எழுந்து வந்தார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். மேசைமேல் இருந்த கடிதத்தில் 'திருமதி வேம்புலியம்மாள்' என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே 'திரு. சம்பந்தம், கௌரவச் செயலாளர்' என்று தபால் துறைக்கே உரிய தெளிவான கையெழுத்தில் எழுதினார்.

"இந்தத் திருத்தத்தோட கடிதத்தை ஏத்துக்கலாம்னு முன்மொழியறேன்."

"வழிமொழியறேன்" என்றார் ஜெகதீஷ்.

அன்று மாலையே தேவராஜ் குழாயை வெட்டி அடைத்தார். வேம்புலியம்மாள் வீட்டுக்கும் கேன் தண்ணீர் போகிறது. இப்போது படியெல்லாம் பளபளக்கிறது. லாரி மறுபடி மாதம் மூன்று முறை வந்து கேட்டில் நிற்கிறது. மழைநீர்க் குழி மற்ற ஊர்க் குழிகளைப் போலவே வறண்டுவிட்டது. 'ஏ பிளாக்' பிழைத்தது, 'பி பிளாக்' பிழைத்தது, 'பொது' மீண்டும் எல்லோரையும் துரத்துகிறது. நாளொன்றுக்கு ஐந்து கேன் தண்ணீரைச் சுமந்து தொட்டியருகே வைக்கும் பொறுப்பு, 'அனுபவம் கருதி' எனக்கு வழங்கப்பட்டிருக்கிறது.

எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஐந்தாண்டுக் காலத்தில் நான் எழுதிய கடிதங்களில் ஏகமனதாக நிறைவேறியது அது ஒன்றுதான். ஒரே ஒரு திருத்தம், அதுவும் பெயரில் மட்டும். பத்து நாளைக்கு ஒரு முறை நிரம்புகிற செப்டிக் டேங்க் திடீரென்று நிரம்பாமல் போனபோது, லாரி ஏன் வரவில்லை, எல்லாம் எங்கே போகிறது என்று ஒரு வருடம் ஒரு வார்த்தை கேட்காத அத்தனை பேரும் அன்று கையை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். ஏகமனதாக இருக்க வேண்டும் அல்லவா?